ஒற்றியூர் விளக்குகள்: எண்ணெய் முதல் எல்.இ.டி. வரை

அறுபத்து மூவருள் விளக்கெரிப்பதையே தொண்டாகக் கொண்டவர்கள் மூவரை நாம் உடனே நினைவு கூரலாம். திருவாரூரில் நீரூற்றி விளக்கெரித்த நமிநந்தியடிகள் ஒருவர். தில்லையில் புல்லை எரித்து, புல் தீர்ந்தபோது தம் தலைமுடியையே திரியாக்கிய கணம்புல்லர் மற்றொருவர். மூன்றாமவர் கலிய நாயனார். வடசென்னையின் திருவொற்றியூர்தான் அவருக்கு ஊர்.

செக்காட்டி எண்ணெய் விற்கும் குடியில் பிறந்த செல்வர் அவர். கோயிலின் உள்ளும் புறமும் எண்ணற்ற விளக்குகளை ஏற்றி வந்தார். செல்வம் கரைந்தது. கூலிக்குச் செக்காட்டினார். கூலி வேலையும் கிடைக்காதபோது வீட்டுப் பொருள்களை விற்றார். இறுதியில் விற்பதற்கு ஒன்றும் இல்லாமல், எண்ணெய்க்கு மாற்றாகத் தம் குருதியையே அகலில் நிறைக்கத் துணிந்து கழுத்தை அரியத் தொடங்கினார். இறைவன் கை பிடித்துத் தடுத்தாட்கொண்டான் என்கிறார் சேக்கிழார்.

பக்தியின் உச்சமாகப் படிக்கப்படும் இக்கதையை, விளக்கின் வரலாற்றிலிருந்தும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். கலியருக்கு விளக்குக்குக் குறைவில்லை. அகல்கள் அங்கேயே இருந்தன. குறைந்தது எண்ணெய். எந்தக் காலத்திலும் ஒளியின் சிக்கல் இதுதான். விளக்கை ஒருமுறை வாங்கிவிடலாம், அதற்கு ஊட்டுவதைத்தான் நாள்தோறும் தேட வேண்டும்.

இதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தனர். கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்க விரும்பியவர்கள் எண்ணெய்க் குடத்தைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. விளக்கொன்றுக்குத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கொடுத்தார்கள். ஆட்டின் பாலிலிருந்து நெய், நெய்யிலிருந்து ஒளி. ஆடு இறந்தாலும் குட்டி வளர்ந்து எண்ணிக்கை குறையாது என்பதால் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் அவற்றைக் குறிக்கும். கல்லில் வெட்டப்பட்டது விளக்கின் அழகு அன்று. அதன் எரிபொருள் எங்கிருந்து, எவர் பொறுப்பில், எத்தனை காலம் வரும் என்ற ஏற்பாடு.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, அதே ஊரின் நெடுஞ்சாலையில் இருபதாம் நூற்றாண்டில் உருவான இன்னொரு விளக்கின் கதைக்கு வருவோம்.

*

1899 ஜனவரியில் டேவிட் மிசெல் என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். ஒரு குழாய், அதனுள் வரிசையாக உலர் மின்கலங்கள், முனையில் சிறு பல்பும் அதன் பின்னே எதிரொளிப்பானும். நாம் இன்று கையில் பிடிக்கும் டார்ச்சின் வடிவம் ஏறத்தாழ அதுவே. அந்த உரிமை, ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய கான்ராட் ஹ்யூபர்ட்டின் நிறுவனத்திடம் சென்றது. அக்காலத்து மின்கலம் வலுவற்றது, கார்பன் இழையோ மின்சாரத்தை வெகுவாக உறிஞ்சுவது. தொடர்ந்து எரிய விட முடியாமல் பளிச்சென்று ஒரு கணம் காட்டி அணைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அமெரிக்கர்கள் அதற்குப் 'பளிச்சிடும் விளக்கு' என்று பொருள்படப் பெயரிட்டனர். ஆங்கிலேயர்கள் தீப்பந்தத்தைக் குறித்த 'டார்ச்' என்ற சொல்லையே வைத்துக்கொண்டார்கள்; நமக்கும் அதுவே வந்து சேர்ந்தது. ஆனால் நம் மக்கள் தமக்கென்று ஒரு பெயரும் வைத்தார்கள்: பேட்டரி லைட். மின்கலம் 'கட்டை' ஆயிற்று. இரண்டு கட்டை, மூன்று கட்டை, ஐந்து கட்டை என்று விளக்கின் தரத்தையே அதன் தீனியால் அளந்தது நம் வழக்கு. கல்வெட்டில் ஆடுகளை எண்ணிய அதே மனம்!

எவரெடி மின்கலங்கள் 1905-இலேயே இறக்குமதியாகி இந்தியப் பெருநகரங்களில் விற்பனைக்கு வந்தன. அப்போதைய சென்னையின் வடபகுதியில் இரவு என்பது மண்ணெண்ணெயின் ஆட்சி. 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையத்தில் இரவு வண்டிகளை வழியனுப்பியவை சிவப்பும் பச்சையும் கண்ணாடி பொருத்திய எண்ணெய்க் கைவிளக்குகள். மூவண்ண டார்ச்சுகள் அவற்றின் இடத்தைப் பிடிக்கப் பல பதிற்றாண்டுகள் ஆயின.

ஒளி பகையாவதையும் இப்பகுதி கண்டிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் கரையை நெருங்கித் தன் தேடுவிளக்குகளைப் பாய்ச்சி, துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. இரண்டாம் உலகப் போரில் விளக்கணைப்பு ஆணைகள் வந்தன. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருகிறார்கள் என்ற அச்சத்தில் நகரமே காலியாயிற்று. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து குண்டும் போட்டது. அதே போர்க்காலத்தில் பிரிட்டனில் டார்ச்சின் முகப்பில் மெல்லிய தாளை ஒட்டி, ஒளியைத் தரையை நோக்கித் தாழ்த்திப் பிடிக்க வேண்டும் என்பது விதி. அங்கே சிறு மின்கலங்களுக்குக் கடும் தட்டுப்பாடும் நிலவியது. கையில் விளக்கு இருந்தும் கட்டை கிடைக்காமல் இருளில் தடுமாறிய அம்மக்களைக் கலியர் புரிந்துகொண்டிருப்பார்.

*

1934-இல் எவரெடி கம்பெனி இந்தியாவில் பதிவாயிற்று. 1939-இல் கல்கத்தாவில் முதல் ஆலை. 1952-இல் சென்னையில் இரண்டாவது மின்கல ஆலை, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில். 1958-இல் டார்ச் செய்வதற்கென்றே இலக்னோவில் ஓர் ஆலை. 1959-இல் நிறுவனத்தின் பெயர் யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெட் என்று மாறியது.

அந்த நெடுஞ்சாலையின் அக்காலத் தோற்றத்தைச் சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். 1946-இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்.; 1955 முதல் மோட்டார் சைக்கிள் செய்த என்ஃபீல்டு; சுவீடன் நாட்டுத் தீக்குச்சி நிறுவனம் 1923-இல் இந்தியாவில் தொடங்கிய விம்கோவின் தீப்பெட்டி ஆலை. தீக்குச்சியும் டார்ச் கட்டையும், அதாவது ஒளியின் பழைய தலைமுறையும் புதிய தலைமுறையும், கலிய நாயனாரின் ஊரிலேயே அடுத்தடுத்து உற்பத்தியாயின. இன்று விம்கோ என்ற பெயர் 2021-இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்தில் நிலைத்துவிட்டது. எவரெடியின் பெயர் அப்படி எந்த நிலையத்திலும் இல்லை. அங்கே இன்று மின்கலம் உற்பத்தியாவதும் இல்லை.

மின்கலத்தின் உள்ளே இருப்பது எளிய பொருள்தான். வெளியே துத்தநாகக் குவளை. நடுவே கார்பன் தண்டு. இரண்டுக்கும் இடையே மாங்கனீசு டை ஆக்சைடு கலந்த கருஞ்சேறு. துத்தநாகம் கரையக் கரைய மின்சாரம் பிறக்கிறது. கட்டை தன் சுவரையே தின்று ஒளி தருகிறது என்று சொன்னால் அது உவமை அன்று, வேதியியல். சுவர் முற்றிலும் கரைந்தால் உள்ளிருக்கும் நீர்மம் கசிந்து டார்ச்சையும் அரிக்கும். பரணில் ஓராண்டு கிடந்த டார்ச்சைத் திறந்தால் காணும் வெண்பூஞ்சை அதுவே.

பின்னர் 1984 டிசம்பர் 2-3 இரவு வந்தது. போபாலில் அதே யூனியன் கார்பைடு இந்தியாவின் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எங்கே ஓடுவது, எந்தத் திசையில் காற்று என்று அறியாமல் மக்கள் இருளில் ஓடினார்கள். இந்தியாவின் பட்டிதொட்டியெங்கும் இருட்டில் வழிகாட்டிய பொருளைச் செய்தவர்களும், அந்த இரவுக்குக் காரணமானவர்களும் ஒரே பெயரில் இயங்கியவர்கள் என்பதை எளிதில் கடந்து போக முடியவில்லை. 1994-இல் அமெரிக்கத் தாய் நிறுவனம் தன் பங்குகளை மெக்லியாட் ரஸ்ஸல் குழுமத்திடம் விற்று வெளியேறியது. 1995-இல் நிறுவனம் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

*

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கி, 450 மெகாவாட் திறனுக்கு வளர்ந்து, 2017 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்டது. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. மாநிலத்துக்கே மின்சாரம் தந்த மண் இது. ஆனால் புயலிரவில் இங்கேதான் முதலில் இருள் சூழ்கிறது.

2023 டிசம்பர் 3, 4 நாள்களில் மிக்ஜாம் புயலின் பெருமழை. நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எண்ணூர்க் கழிமுகத்திலோ வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவும் மிதந்து வந்து வீடுகளிலும் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. அதே மாதம் 26 நள்ளிரவை நெருங்கும் வேளையில், ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாய்த் தூக்கத்திலிருந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில்தான் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியது.

அடுத்தடுத்து வந்த இவ்விரண்டு இருள்களும் வெவ்வேறானவை. முதலாவது நீண்ட இருள்: நான்கு இரவு, ஐந்து இரவு தாங்க வேண்டும். இரண்டாவது குறுகிய இருள்: பத்து விநாடிக்குள் கைக்கு எட்ட வேண்டும். கைவிளக்கு தேர்வதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் வேண்டியதில்லை.

நீண்ட இருளுக்கு, உள்ளேயே அடைத்த மின்கலமும் சார்ஜர் ஒயருமாக விற்கும் விளக்கை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. முதலிரவில் அதுதான் மற்றவற்றை விடப் பளபளப்பாக எரியும். இரண்டாம் இரவில் ஊட்டுவதற்கு மின்சாரம் இருக்காது. அதிலும் ஈய அமில மின்கலம் கொண்டவை, வெறுமையாகவே மாதக்கணக்கில் கிடந்தால் மீண்டும் உயிர் பெறா. பெட்டிக்கடையில் ஒற்றைக் கட்டையாகக் கேட்டு வாங்கக்கூடிய மின்கலத்தில் எரியும் விளக்கு ஒன்றேனும் வீட்டில் இருக்க வேண்டும். நம் காலத்துச் 'சாவா மூவாப் பேராடு' அந்தப் பெட்டிக்கடைதான். புயலுக்கு முன்னரே அங்கு போய்விட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

ஒளியின் அளவைக் கண்டு மயங்க வேண்டாம். பழைய இழை பல்பு ஒரு வாட்டுக்குச் சுமார் 10 லூமன் தந்தது, வெள்ளை எல்.இ.டி. 100-க்கும் மேல் தருகிறது. நீல எல்.இ.டி.யைக் கண்டறிந்த ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது நினைவிருக்கலாம். ஆகவே குறைந்த ஒளியில் வைத்தாலே சோறாக்கவும் படியிறங்கவும் போதும். ஒளியைக் குறைத்து வைக்கும் நிலை உள்ள விளக்கே நீண்ட இரவுக்கு உகந்தது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட 'இத்தனை மணி நேரம்' என்பதையும் ஐயத்தோடு படிக்க வேண்டும். 2009-இல் வந்த அமெரிக்கத் தரவிதிப்படி, தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரமே அது.

குறுகிய இருளுக்கு வேண்டியது இடம்: தலைமாட்டில், செருப்புக்கு அருகே, வீட்டிலுள்ள அனைவரும் அறிந்த ஓரிடம். வெள்ளத்தில் நடக்க நேரும் வீட்டில், தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும் 'ஐ.பி.எக்ஸ் 7' குறியுள்ளதே நல்லது; 'ஐ.பி.எக்ஸ் 4' மழைத்தெறிப்புக்கு மட்டுமே. சமையல் எரிவாயு கசியும் மணம் வந்தால் எந்தப் பொத்தானையும் தொடலாகாது, டார்ச்சின் பொத்தானையும்தான். கதவையும் சன்னலையும் திறந்துவிட்டு வெளியேறுவதே முதல் வேலை. எண்ணெய்க் கிடங்குகளிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் தீப்பொறி எழாத வகையில் செய்த தனி விளக்குகளையே அனுமதிப்பது இதனால்தான்.

அன்றாடப் பயன்பாட்டுக்குக் கைப்பேசி விளக்கு போதாதா என்று கேட்கலாம். தெருமுனை வரை போதும். ஆனால் வெள்ள இரவில் கைப்பேசி உதவிக்கு அழைப்பதற்கானது. அதன் எண்ணெயைத் திரிக்கு ஊற்றிவிட்டால் குரலும் அணைந்துவிடும்.

*

திருவொற்றியூருக்கு ஒளி பற்றிய இன்னொரு கதையும் உண்டு. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி இவ்வூரின் எல்லையைத் தாண்டிய கணத்தில் சுந்தரர் கண்ணொளி இழந்தார். வழியில் வெண்பாக்கத்தில் இறைவன் அவருக்கு முதலில் தந்தது கண்ணை அன்று; ஊன்றுகோலை. பார்வை பின்னர், காஞ்சியில் ஒன்றும் ஆரூரில் ஒன்றுமாக வந்தது. இருட்டில் நிற்பவனுக்கு முதல் தேவை பேரொளி அன்று, அடுத்த அடியை வைக்க ஒரு துணை என்பதைப் பெரிய புராணம் அறிந்திருந்தது.

குழாயில் கசிவு நேராமல் காப்பதும், எச்சரிக்கை மணி ஒலிப்பதும், மின்சாரம் விரைந்து திரும்புவதும் ஆலைகளின் கடமை, அரசின் கடமை. ஒரு டார்ச் அவற்றுக்கு ஈடாகாது. கடமைப்பட்டவர்கள் மக்களிடம் டார்ச் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் கூடாது. ஆயினும் அவை நிறைவேறும் நாள் வரை, குப்பத்து வீடொன்றின் தலைமாட்டில் இரண்டு கட்டை போட்ட விளக்கொன்றும், கசிந்துவிடாதபடி உறை பிரிக்காமல் தனியே வைத்த இரண்டு கட்டைகளும் இருக்கட்டும். கலியரின் ஊரில் எண்ணெய் தீர்ந்துவிடலாகாது.