மெக்சிகோ ஜனாதிபதித் தேர்தல், 1988
பெயர்கள் மாறினும் 1929 முதல் இடையறாது ஆண்டுவந்த ஸ்தாபனப் புரட்சிக் கட்சி (பெயரிலேயே முரண் இருப்பது கவனிக்கத்தக்கது) தோல்வியின் விளிம்பைக் கண்டது இத்தேர்தலில்தான். ஜூலை 6-ஆம் தேதி இரவு, தலைநகர்ப் பகுதியிலிருந்து வந்த முதல் எண்ணிக்கைகள் எதிர்த்தரப்பு அபேட்சகர் குவாதெமோக் கார்தெனாசுக்குச் சாதகமாயிருந்த வேளையில், உள்துறை மந்திரி மனுவேல் பார்த்லெத்தின் பொறுப்பிலிருந்த கணிப்பொறி ஏற்பாடு செயலற்றுப்போனதாகச் சொல்லப்பட்டு, சில தினங்கள் கழித்து ஆளுங்கட்சியின் கார்லோஸ் சலினாஸ் சுமார் 50 சதவீத வாக்குகளுடன் ஜெயித்ததாகப் பிரகடனமாயிற்று. ‘சிஸ்டம் விழுந்துவிட்டது’ என்ற தொடர் ஜனங்களின் ஏளனமாக நிலைத்துவிட்டது. கார்தெனாசின் தந்தை லாசரோ, 1938-ல் அந்நிய எண்ணெய்க் கம்பெனிகளைத் தேசவுடைமையாக்கியவர். சலினாஸோ அரசுத் தொழில்களைத் தனியாருக்கு விற்று, 1992-ல் அமெரிக்காவுடனும் கனடாவுடனும் வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டவர். அந்நிய மூலதனத்துக்கு எவர் உகந்தவர் என்பதை விளக்க வேண்டியதில்லை. இத்தேர்தலின் வாக்குச்சீட்டுகள் பிற்பாடு நாட்டின் சட்டசபையான காங்கிரஸின் சம்மதத்தோடு எரிக்கப்பட்டன.