டிவி விருது மேடையில் கானா எங்கே? பேசின் பிரிட்ஜ் பாட்டுக்கு இன்னும் ஏன் சிக்னல் விழல?

சென்ட்ரலுக்கு வர்ற ட்ரெயின்ல இருந்தவங்களுக்கு இந்த அனுபவம் கண்டிப்பா இருக்கும். பையை இறக்கியாச்சு, செருப்பு மாட்டியாச்சு, கதவுகிட்ட வந்தும் நின்னாச்சு. சென்ட்ரல் இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான். ஆனா வண்டி பேசின் பிரிட்ஜ்ல நின்னுடும். சிக்னல் விழாது.

வருஷா வருஷம் டிவியில வர்ற மியூசிக் விருதுகளைப் பார்க்கும்போது, கானா பாட்டும் அப்படித்தான் நிக்குதோன்னு தோணும். மேடையில கானா மெட்டு வரும், கூட்டம் ஆடும். ஆனா, 'இந்த வருஷத்தின் சிறந்த...' என்று கவரைப் பிரிக்கும்போது அந்தப் பேர் வர்றது அபூர்வம். திறமை இல்லாததா காரணம்? இல்லை. விருதுகள் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா, இதுக்கான விடை கிடைச்சுடும்.

விருது விழா: உள்ளே நடப்பது என்ன?

தமிழ்ப் பாட்டுக்கு விருது தரும் பெரிய டிவி விழாக்கள் பெரும்பாலும் சினிமா விழாக்கள்தான். 1954-ல் மும்பையில் தொடங்கிய ஃபிலிம்ஃபேர், அதன் தென்னிந்தியப் பதிப்பு, 2012-ல் துபாயில் முதல் விழா நடத்திய சைமா, விஜய் டிவி 2018 வரை பத்து முறை நடத்திய விஜய் விருதுகள் என எல்லாவற்றிலும் இசைக்கான பிரிவுகள் ஏறக்குறைய ஒன்றுதான்:

* சிறந்த இசையமைப்பாளர்
* சிறந்த பாடலாசிரியர்
* சிறந்த பின்னணிப் பாடகர்
* சிறந்த பின்னணிப் பாடகி

இதில் 'பின்னணி' என்கிற வார்த்தையைக் கவனிங்க. படத்துல வந்த பாட்டுக்குத்தான் போட்டி. வியாசர்பாடி மொட்டை மாடியில ஷூட் பண்ணி, யூடியூப்ல போட்டு, பல லட்சம் பேர் பார்த்த கானா பாட்டா இருந்தாலும் அது இந்தப் பட்டியல்லயே வராது. தோற்கலை பாஸ், போட்டியிலேயே இல்லை!

முழுக்க இசைக்காகவே நடக்கும் விருதுகளும் உண்டு. தென்னிந்திய மொழிகளுக்கான மிர்ச்சி மியூசிக் விருதுகள் அந்த வகை. அங்கேயும் சினிமாப் பாட்டுதான் ஹீரோ.

கானா: ஒரு குட்டி அறிமுகம்

பேசின் பிரிட்ஜைச் சுற்றி இருக்கிற புளியந்தோப்பு, வியாசர்பாடி தொடங்கி ராயபுரம், காசிமேடு வரைக்கும் துறைமுகம், மில், ரயில்வே யார்டுன்னு உழைச்ச மக்களோட பாட்டு கானா. சாவு வீட்டில் இறந்தவரைப் பற்றி இரவெல்லாம் பாடுவது மரண கானா. கல்யாணம், காதல், கேலி, அரசியல் என எதுக்கும் கானா உண்டு. டோலக், ஹார்மோனியம் இருந்தா நல்லது. இல்லைன்னா காலி டின்னும் மேசையும் போதும்.

பெரும்பாலும் இது எழுதி வைக்காத பாட்டு. ஒருத்தர் கட்டுவார், இன்னொருத்தர் ரெண்டு வரி சேர்ப்பார், மூணாவது ஆள் வேற ஏரியாவுக்குக் கொண்டு போவார். அதோட அழகே இதுதான். விருதுன்னு வரும்போது அதோட சிக்கலும் இதுதான். 'எழுதியவர் பெயர்' என்கிற கட்டத்தில் யார் பேரைப் போடுறது?

சினிமா வழியா வந்தவங்க

* தேவா: 90-களில் கானாவை சினிமாவோட மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தவர். 'காதல் கோட்டை' (1996) படத்துல அவரே பாடினதும் இந்த ஸ்டைல்தான்.
* கானா உலகநாதன்: 'சித்திரம் பேசுதடி' (2006) படத்துல மீன்களோட கல்யாணத்தைப் பாடி, திரையிலும் தோன்றி ஊரையே ஆட வெச்சவர்.
* கானா பாலா: சட்டம் படிச்சவர். 'அட்டகத்தி' (2012) மூலமா எல்லார் போனிலும் ரிங்டோன் ஆனவர். 'மெட்ராஸ்' (2014) படத்தில் மரண கானாவை அதன் வலியோடு கொண்டுவந்தவர்.
* இசைவாணி: ஆண்களே ஆக்கிரமிச்சிருந்த கானாவில் தனக்கென இடம் பிடிச்ச பெண் குரல். 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர்.

கடைசிப் பேரைக் கவனிச்சீங்களா? வடசென்னைக் கானா பாடகி ஒருத்தரை லண்டன்ல இருக்கிற நிறுவனம் அடையாளம் கண்டுபிடிக்குது. நம்ம டிவி விருதுகள்ல கானான்னு ஒரு பிரிவே கிடையாது.

ராப் பாட்டுக்கும் இதே கதைதான்!

அமெரிக்காவின் கிராமி விருதுகள் 1959-ல் தொடங்கின. தெருவில் பிறந்த ராப் இசைக்குத் தனிப் பிரிவு கிடைக்க 1989 வரை ஆச்சு. முதல் ராப் விருதை வாங்கியது டி.ஜே. ஜாஸி ஜெஃப்பும் ஃப்ரெஷ் பிரின்ஸும். அந்த ஃப்ரெஷ் பிரின்ஸ் வேற யாருமில்லை, பின்னாளில் ஹாலிவுட் ஸ்டாரான வில் ஸ்மித்!

ஆனா அவங்க விழாவுக்குப் போகலை. காரணம், அந்த விருதை டிவியில் காட்டப் போறதில்லைன்னு முடிவு பண்ணியிருந்தாங்க. 'விருது குடுப்பீங்க, ஊருக்குக் காட்ட மாட்டீங்களா?'ன்னு ராப் கலைஞர்கள் பலர் விழாவைப் புறக்கணிச்சாங்க. சரியா பத்து வருஷம் கழிச்சு, 1999-ல் லாரின் ஹில்லோட ஹிப்-ஹாப் ஆல்பம், 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' என்கிற பெரிய விருதையே தட்டிச்சு.

இதுல இருந்து தெரியுறது ரெண்டு. பிரிவு இருந்தாதான் போட்டியிலயே நுழைய முடியும். அந்தப் பிரிவு டிவியில வந்தாதான் அடுத்த தலைமுறைக்குத் தெரியும்.

விருதுக்குக் காத்திருக்காத மேடைகள்

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய, 19 பேர் கொண்ட குழு. கானா, ராக், ராப் எல்லாம் கலந்து சாதிக்கு எதிரா பாடினாங்க. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. சபா கச்சேரிகளுக்குப் பேர் போன அதே மார்கழியில் பறை, ஒப்பாரி, கானா எல்லாம் மேடை ஏறுது. கோப்பை கிடையாது, போட்டி கிடையாது. ஆனா பாடுறவரோட பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க.

நீங்க கானா பாடுறவரா? இதை மறக்காதீங்க

1. பேரைப் போடுங்க: எழுதியது, மெட்டு, பாடியது, டோலக் வாசிச்சது யாருன்னு வீடியோவிலும் டிஸ்கிரிப்ஷன்லயும் எழுதுங்க. ஏரியா பெரியவர்கிட்ட கத்துக்கிட்ட பாட்டுன்னா அவர் பேரும் வரணும்.
2. கோட் வாங்குங்க: ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்களுக்குப் பாட்டை அனுப்பும்போது ஐ.எஸ்.ஆர்.சி என்கிற 12 எழுத்து-எண் குறியீடு கிடைக்கும். இது உங்க ரெக்கார்டிங்கோட ஆதார் நம்பர் மாதிரி.
3. சங்கத்தில் சேருங்க: பாட்டு எழுதுபவர்களும் இசையமைப்பவர்களும் ராயல்டி பெற ஐ.பி.ஆர்.எஸ் அமைப்பில் உறுப்பினராகலாம்.
4. கையெழுத்துக்கு முன்னாடி படிங்க: படத்துல பயன்படுற உங்க வரிக்கும் மெட்டுக்கும் ராயல்டி பெறும் உரிமையைத் தயாரிப்பாளருக்கே எழுதிக் கொடுத்துட முடியாதுன்னு 2012 காப்புரிமைச் சட்டத் திருத்தம் சொல்லுது. 'மொத்தமா வாங்கிக்கிறோம்'னு யாராச்சும் சொன்னா, விவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிட்டு அப்புறம் பேனாவை எடுங்க.

விருது இல்லைன்னா கானா செத்துடாது. சாவு வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பாட்டு அது. ஆனா ஒரு மேடையில பேர் சொல்லிக் கூப்பிட்டா, புளியந்தோப்புல உக்காந்து டிவி பார்க்கிற பத்து வயசுப் பொண்ணுக்கு, 'நம்ம தெருப் பாட்டும் பாட்டுதான்'னு தெரியும். அடுத்த தடவை விருது விழா பார்க்கும்போது, யார் ஜெயிச்சாங்கன்னு மட்டும் பார்க்காதீங்க. என்னென்ன பிரிவு இருக்கு, எது இல்லைன்னும் பாருங்க.