குப்பாயமும் தோள்சீலையும்

தென் திருவிதாங்கூரில் நிகழ்ந்த தோள்சீலைக் கலகத்தை ஆராய்ந்தோர் அதனைச் சாதி வரலாற்றின் ஒரு பகுதியாகவோ சமய வரலாற்றின் ஒரு பகுதியாகவோ கொண்டனர். அது பொருந்துவதே. ஆயினும், பெண்பள்ளியில் வகுத்த உடை ஒழுங்கு அக்கலகத்திற் பெற்ற இடம் தனியே கருதற்குரியது.

1819ஆம் ஆண்டிறுதியில் இலண்டன் மிஷனைச் சார்ந்த சார்லசு மால்ட்டும் அவர்தம் மனைவியார் மார்த்தாளும் நாகர்கோவிலை அடைந்தனர். அம்மையார் நடத்திய பெண்பள்ளியில் எழுத்தும் வாசிப்பும் மட்டுமன்றி ரேந்தை பின்னுதலும் கற்பிக்கப்பெற்றது. அங்குப் பயின்ற சிறுமியருட் பலர் நாடார் குலத்தினர். அக்குல மகளிர் மார்பின்மேற் சீலையிடுதல் நாட்டு வழக்கால் விலக்கப்பட்டிருந்தது. பள்ளியோ மார்பு மூடாதிருத்தலை ஒழுக்கக் குறைவெனக் கருதியது. ஆகவே ஒரே உடல்மீது இரு விதிகள்: பள்ளிக்குள் மூடுக என்பது ஒன்று, தெருவில் மூடற்க என்பது மற்றொன்று.

இம்முரணுக்கு அரசு கண்ட வழி குப்பாயம். 1812இல் கர்னல் மன்றோ, கிறித்தவ மகளிர் மார்பை மூடிக்கொள்ள இசைவளித்தார். 1814ஆம் ஆண்டின் ஆணையோ, சிரியக் கிறித்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிவதனையொத்த சட்டையை மட்டும் அவர்க்கு ஒப்பி, நாயர் மகளிர் இடும் மேற்சீலையை விலக்கியது. குப்பாயம் என்னும் சொல் சீவக சிந்தாமணியில் மிலேச்சரோடு சார்த்தி வழங்கப்பெறுதல் ஈண்டு நினைக்கத்தக்கது. பழந்தமிழிலேயே அயலார் உடையாகக் கருதப்பெற்ற ஒன்று, மீண்டும் அயலாக்கும் உடையாகவே ஓர் இனத்தார்க்கு வகுக்கப்பட்டது.

மகளிர் இவ்வகுப்பினை முழுதும் ஏற்றிலர். தைத்த சட்டையின்மேல் தோள்சீலையும் இட்டனர். இச்செயலே ஆராய்வார் நின்று நோக்க வேண்டிய இடம் என்பது எம் கருத்து. மானம் மறைத்தலே நோக்கமாயின் சட்டை போதுமானது. அவர் வேண்டியது மறைப்பு மட்டுமன்று, பிற மகளிரோடு ஒத்த நிலை. மிஷனார் நாணத்தைக் கண்டனர். மேற்குலத்தார் வரம்பு மீறலைக் கண்டனர். இவ்வகையில் மேற்குலத்தாரே அச்சீலையின் பொருளைத் தெளிவாக அறிந்தவர் எனல் தகும்.

1827 முதல் 1829 வரை நிகழ்ந்த கலகத்தில் மகளிர் பொதுவிடங்களில் அடிக்கப்பட்டனர், சீலைகள் கிழிக்கப்பட்டன, பள்ளிகளும் வழிபாட்டுக் கூடங்களும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரியில் வெளிவந்த அரசாணை தோள்சீலையை மீண்டும் விலக்கிக் குப்பாயத்தை மட்டும் நிலைநிறுத்தியது. 1858இன் இறுதியிலும் 1859இன் தொடக்கத்திலும் கலகம் மீண்டெழுந்தது. சென்னை ஆளுநர் சர் சார்லசு டிரெவெலியன் வற்புறுத்த, 1859 சூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராசா நாடார் மகளிர்க்கு மார்பை மூடும் உரிமையை அளித்தார். ஆயினும் மேற்குல மகளிர் உடுக்கும் முறையை அவர் பின்பற்றலாகாது என்னும் வரையறை அவ்வாணையிலும் எஞ்சி நின்றது.

இவ்வாணைகள் அனைத்தும் மகளிரைப் பற்றிப் பேசுவன. மகளிரை நோக்கிப் பேசுவனவல்ல. பள்ளியின் விதியும் இவ்வகையில் வேறன்று. அது இரக்கத்தாற் பிறந்தது என்பது உண்மை. கல்வியும் கைத்தொழிலும் அதனோடு வந்தன என்பதும் மறுத்தற்கில்லை. எனினும் எதனை உடுப்பது என்பதைப் பிறர் முடிவுசெய்ய, அம்முடிவுக்குரிய அடியைத் தெருவில் ஏற்றவள் மாணவியும் அவள் தாயுமே. பள்ளி தன் வாயிலுக்குட் காக்க இயன்றது. வாயிலுக்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட வழியைக் காக்க அதனால் இயலவில்லை.

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில் இக்கலகத்தைக் கூறிய உடை பற்றிய இயலைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2019இல் நீக்கியது. பள்ளியில் தொடங்கிய இவ்வரலாற்றை அந்நூலிற் பயிலும் வாய்ப்பு அவ்வாண்டொடு மாணவியர்க்கு இல்லையாயிற்று.