மாணவர் மன்றமும் ஆலோசகரும்: மலாயாப் பல்கலைக்கழக வரலாற்றில் ஒரு பார்வை

முன்னுரை

மலேசிய மாணவர் இயக்க வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஆர்ப்பாட்டங்களையும் கைது நடவடிக்கைகளையும் மையமாகக் கொண்டே எழுதியுள்ளனர். மாணவர் அமைப்புகளின் அன்றாட நிர்வாகம் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அமைப்பின் பணம் யார் கையில் இருந்தது, நிகழ்ச்சிக்கு அனுமதி வழங்கியவர் யார், ஆலோசகர் எனப்படுபவர் யாருடைய சார்பில் செயற்பட்டார் ஆகிய வினாக்களுக்கு விடை காணாமல் அவ்வரலாறு முழுமை பெறாது. இக்கட்டுரை மலாயாப் பல்கலைக்கழகத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய முற்படுகிறது.

தன்னாட்சிக் காலம்

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-ஆம் ஆண்டு சிங்கப்பூரில், ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்ததால் தோன்றியது. 1953-இல் அங்கு உருவான பல்கலைக்கழகச் சோசலிசக் கழகம் 'ஃபஜார்' என்னும் இதழை வெளியிட்டது. அவ்விதழில் வந்த ஒரு தலையங்கத்திற்காக 1954-இல் எட்டு மாணவர்கள்மீது அரசநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. டி. என். பிரிட் அவர்களுக்காக வாதாடினார். இளம் வழக்கறிஞராக இருந்த லீ குவான் இயூ அவருக்குத் துணை நின்றார். எண்மரும் விடுதலை பெற்றனர். குடியேற்ற அரசு மாணவரை ஒடுக்க விரும்பியபோதும், திறந்த நீதிமன்றத்தில் தன் குற்றச்சாட்டை மெய்ப்பிக்க வேண்டிய நிலையில் இருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. பின்னாளில் மாணவரைக் கட்டுப்படுத்தும் இடம் நீதிமன்றத்திலிருந்து அலுவலக மேசைக்கு மாறியது.

இதே காலப்பகுதியில் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் நிறுவப்பட்டது. அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமெனக் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' வழியாகப் போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் முழக்கத்தோடு திரட்டிய நிதிக்கு எளிய மக்களும் சிறு தொகைகள் வழங்கினர். பொதுமக்களின் பணம் கோரிக்கைக்கு வலிமை சேர்க்கும் என்பதை நம் துறையின் தோற்ற வரலாறே காட்டுகிறது. நிதியும் குரலும் பிரிக்கவியலாதவை என்னும் இக்கருத்து பின்வரும் பகுதிகளுக்கு அடிப்படையாகும்.

1962-இல் கோலாலம்பூர் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கு இயங்கிய மாணவர் சங்கம் தன் நிதியைத் தானே நிர்வகித்தது. 'மகாசிஸ்வா நெகாரா' என்னும் செய்தித்தாளையும் நடத்தியது. 1967-இல் தெலுக் கோங் நிலமற்ற விவசாயிகளின் பக்கம் மாணவர்கள் நின்றனர். 1969 பொதுத்தேர்தலின்போது தமக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டுப் பொதுக்கூட்டங்கள் நடத்தினர்.

1971 முதல் 1975 வரை

1969 மே கலவரத்துக்குப் பிந்திய சூழலில், 1971-இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் இயற்றப்பட்டது. மாணவர் அமைப்புகள் அரசியல் கட்சிகளோடும் தொழிற்சங்கங்களோடும் தொடர்பு கொள்வதை அது தடுத்தது. எனினும் மாணவர் சங்கம் என்னும் அமைப்பு நீடித்தது. 1974 செப்டம்பரில் ஜொகூர் பாருவின் தாசேக் உத்தாரா குடியிருப்பாளர் வெளியேற்றப்பட்டதைக் கண்டித்த மாணவர்கள், மலாயாப் பல்கலைக்கழக நிர்வாகத்தைக் குறுகிய நேரம் தம் கையில் எடுத்தனர். அதே ஆண்டு டிசம்பரில் பாலிங் வட்டார ரப்பர் சிறுதோட்டக்காரர்களின் வறுமையை முன்வைத்துக் கோலாலம்பூரில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர்.

இவற்றின் விளைவே 1975-ஆம் ஆண்டுத் திருத்தம். மாணவர் சங்கம் நீங்கி, அதன் இடத்தில் மாணவர் பிரதிநிதித்துவ மன்றம் வந்தது. மாணவர் நலன்கள், தங்குமிடச் சூழல் ஆகியவை குறித்துத் துணைவேந்தரிடம் முறையிடுவதும், அவருடைய பணிப்புக்கு உட்பட்டு நல வசதிகளை மேற்பார்வையிடுவதும் புதிய மன்றத்தின் கடமைகளாயின. மாணவரும் மாணவர் அமைப்புகளும் பணம் திரட்டுவதைத் தடை செய்த 15அ பிரிவும் இத்திருத்தத்தில்தான் இடம்பெற்றது. இதே 1975-இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகச் சட்டமும் திருத்தப்பட்டு, அங்குள்ள மாணவர் சங்கம் மாற்றியமைக்கப்பட்டது. அதன் நிதிக் கட்டுப்பாடு நிர்வாகத்தின் பக்கம் சென்றது. ஒரு தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்த இரு பல்கலைக்கழகங்களும் ஒரே ஆண்டில் ஒரே திசையில் நகர்ந்தன.

ஆலோசகரின் இரு முகங்கள்

சட்டத்தின் இந்த அமைப்புக்குள் மாணவர் நலப் பிரிவு வலுப்பெற்றது. விரிவுரையாளர்களே கழகங்களின் ஆலோசகர்களாயினர். ஆலோசகரின் கையொப்பமின்றி மண்டபமோ செலவுத் தொகையோ கிடைப்பது அரிதானது. மாணவருக்கு வழிகாட்டுபவர் எனப் பெயர் பெற்றவர், நடைமுறையில் நிர்வாகத்துக்குப் பொறுப்புக் கூறுபவராகவும் ஆனார். இரு கடமைகளும் முரண்படும்போது அவர் எப்பக்கம் நிற்பார் என்பதை மாணவர் எளிதில் ஊகித்துக்கொண்டனர். அதனால் எவரும் தடை விதிக்காமலேயே பல தலைப்புகள் விண்ணப்பத்துக்கு முன்பே கைவிடப்படும் நிலை உருவாயிற்று.

ஆயினும் ஆலோசகரைத் தடையாக மட்டும் காண்பது முழு உண்மையாகாது. மாணவர் தலைமை ஆண்டுதோறும் மாறும். அமைப்பின் நினைவு ஆசிரியரிடமே தங்கும். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980-களிலிருந்து சிறுகதைப் போட்டி நடத்திப் 'பேரவைக் கதைகள்' என்னும் தொகுப்புகளை வெளியிட்டு வருவதை இதற்குச் சான்றாகக் கூறலாம். மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கு அது ஆற்றிய பங்கு பெரிது. தலைமுறை தோறும் மாணவர் கைமாறும் ஒரு பணி இவ்வளவு காலம் தொடர்வது, உடன் நிற்கும் ஆசிரியரின்றி அரிதாகும்.

அண்மைய மாற்றங்கள்

2010-இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் தொடர்பாக மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர்மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. அவர்கள் தொடுத்த வழக்கில், மாணவர் அரசியல் கட்சிக்கு ஆதரவு தெரிவிப்பதைத் தடுத்த பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. 2012 திருத்தம் மாணவர் கட்சிகளில் சேர வழிவிட்டது. வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கைகளுக்கு இருந்த தடையை 2018 டிசம்பர்த் திருத்தம் நீக்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 'மாணவர் சங்கம்' என்னும் பழைய பெயரும் திரும்பி வந்துள்ளது. 2024-இல் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தம், மாணவர் அமைப்புகள் நிதி திரட்டுவதற்கும் கையாளுவதற்கும் வழி வகுத்தது.

இவ்வரிசை சிந்தனைக்குரியது. 1975-இல் ஒரே திருத்தத்தில் பறிக்கப்பட்டவற்றுள், பேசும் உரிமை முதலில் மீண்டது. பண உரிமை இறுதியாகவே மீண்டது.

முடிவுரை

சட்டம் திருந்தினும் பழக்கம் உடனே திருந்துவதில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அனுமதி கேட்டே வளர்ந்த மாணவரும், அனுமதி கொடுத்தே பழகிய ஆசிரியரும் இன்று புதிய உறவைக் கற்க வேண்டியுள்ளது. கணக்கு எழுதுதல், தணிக்கைக்கு உட்படுதல், பொதுக்கூட்டத்தில் விடை சொல்லுதல் ஆகியவை மாணவரின் பொறுப்பாகின்றன. கேட்கும்போது அறிவுரை வழங்கி, முடிவை அவர்களிடமே விடும் துணிவு ஆலோசகருக்கு வேண்டும். மக்கள் திரட்டிய பணத்தின் துணையோடு நிலைபெற்ற ஒரு துறையைச் சார்ந்த நமக்கு இப்பொறுப்பு கூடுதலாகவே உண்டு எனலாம்.