எலும்புக்கும் ஒரு கிளினிக் கொப்பி: கைக்குழந்தைப் பருவத்தில் ஸ்ரெரொயிட் பெற்றோரின் பிற்கால எலும்பு நலம்

ஆறேழு மாதக் குழந்தை தூங்கி எழுந்ததும் தலை குனிந்து, இரு கைகளையும் முன்னே வீசிச் சுருளும்; சில விநாடி கழித்து மறுபடியும். “பிள்ளை திடுக்கிடுது” என்பார்கள் வீட்டில். 1841இல் வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தம் மகனிடமே கண்டு எழுதிய வலிப்பு இது. சிகிச்சை பிந்தினால் மூளை வளர்ச்சி குன்றக்கூடும். கொழும்பில் ஜிதாங்கி வணிகசிங்கவும் சக ஆய்வாளர்களும் 97 குழந்தைகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரெரொயிட்டை வாய்வழி பெற்ற 48 பேரில் 28 பேருக்கு 14 நாளில் வலிப்பு நின்றது; ஏ.சி.ரி.எச். என்ற ஹோர்மோன் ஊசி பெற்ற 49 பேரில் 18 பேருக்கே நின்றது. ஸ்ரெரொயிட்டைத் தவிர்க்கச் சொல்ல எவருக்கும் நியாயமில்லை.

ஆனால், குழந்தையின் முகம் உப்பிவரும் அதே நாட்களில் எலும்பிலும் வேலை நடக்கிறது. எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் தளர்கின்றன. குடல் கல்சியத்தைக் குறைவாக உறிஞ்சுகிறது. சிறுநீரில் அது கூடுதலாகக் கழிகிறது. இந்த இழப்பு நிலைக்குமா? பிரித்தானியப் பதிவுகளை ஆராய்ந்த 2003ஆம் ஆண்டு ஆய்வில், நான்கோ அதற்கு மேற்பட்ட தடவைகளோ வாய்வழி ஸ்ரெரொயிட் பெற்ற பிள்ளைகளுக்கு எலும்பு முறிவு கூடியிருந்தது. மருந்தை நிறுத்தியோரிடம் அந்த மிகை காணப்படவில்லை. சிறுநீரக நோய்க்காகச் சராசரி 23 கிராம் ஸ்ரெரொயிட் பெற்ற 60 பிள்ளைகளை ஆராய்ந்த 2004ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், முதுகெலும்பின் கனிம அளவு மற்றப் பிள்ளைகளிலிருந்து குறிப்பிடத்தக்கவாறு வேறுபடவில்லை. உடற்பருமனைக் கணக்கிலெடுத்தபோதுதான் சிறிது குறைந்தது. இவை கைக்குழந்தைகள் பற்றிய ஆய்வுகள் அல்ல. எனினும் வளரும் எலும்புக்குத் தன்னைச் சீர்செய்யும் ஆற்றல் உண்டு; நசுங்கிய முள்ளென்பு கூட, வளர்ச்சிக் காலம் மீதமிருந்தால், பழைய வடிவை நோக்கித் திரும்பக்கூடும். ஆகவே இரு வாரச் சிகிச்சையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; திரும்பத் திரும்பத் தரப்படும் சிகிச்சையைத்தான் எண்ணி வைக்க வேண்டும்.

எண்ணி வைப்பது யார்? எலும்பு உச்ச வலிமை பெறுவது இருபதுகளின் இறுதியை ஒட்டி. ஆறு மாத வயதில் குடித்த மருந்தின் கணக்கை அதுவரை எந்தக் கொப்பி காக்கும்? 1995 ஒக்டோபர் 30இல் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோது கையிலெடுத்த பையில் கிளினிக் கொப்பிக்கு இடம் இருந்ததா? அன்றைய கைக்குழந்தைகள் இன்று முப்பது வயதினர். இடுப்பு வலியோடு வரும் பெண்ணிடம் மருத்துவர் கேட்டால், “சின்னனில வலிப்புக்கு மருந்து குடிச்சனாம், அம்மா சொன்னவ” என்பதற்குமேல் அவளிடம் சான்றில்லை.

பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் தடுப்பூசிக்கு இருப்பதைப் போல ஸ்ரெரொயிட்டுக்கும் ஒரு கட்டம் வேண்டும்: மருந்தின் பெயர், நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், எத்தனையாவது தடவை. தாயின் கைபேசியில் அதன் படமொன்றும் இருக்கட்டும். எலும்பு அடர்த்தி அளக்கும்போது உயரத்தையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். இல்லாவிட்டால் குள்ளமான பிள்ளைக்கு இல்லாத நோயை ஒட்டிவிடுவோம். வெயிலில் ஓடி விளையாடுவதும், குரக்கனும், முள்ளோடு உண்ணும் நெத்தலியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. நாலாவது தடவை மருந்து எழுதப்படும் பிள்ளைக்கு முதுகு வலிக்கிறதா என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்டு, வலித்தால் முதுகெலும்பைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும்.