ஒப்பிட ஒரு தீவு: 1918 பெருந்தொற்றும் மேற்குச் சமோவாவின் அரசியலும்

கொள்ளைநோய் ஆட்சிகளை ஆட்டங்காண வைக்கும் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. 1918 இன்ஃபுளுவென்சாவின் வரலாறு அதற்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. இந்தியாவில் மாண்டோர் 1.2 கோடிக்கும் மேல் என்கின்றன இன்றைய மதிப்பீடுகள் பல. 1921 கணக்கெடுப்பில் மக்கள்தொகையே முந்தையதைவிடக் குறைந்திருந்தது. ஆயினும் 1919இல் நாடு கொதித்தெழுந்தது ரௌலட் சட்டத்தை எதிர்த்துத்தான். காய்ச்சலில் செத்தவர்களுக்காக யாரும் கடையடைக்கவில்லை. பசிபிக் தீவான மேற்குச் சமோவாவிலோ ஏறத்தாழ 8,500 சாவுகள் ஆட்சியாளர்மீது தீராப் பழியாக நின்றன. சாவின் அளவு இந்த வேறுபாட்டை விளக்காது. தடுத்திருக்க முடியும் என்பதற்குக் கண்ணெதிரே சான்று இருந்ததா என்பதே விளக்கும்.

ஜெர்மனியிடமிருந்து 1914இல் கைப்பற்றிய மேற்குச் சமோவாவை நியூசிலாந்து இராணுவம் ஆண்டுவந்தது. ஆக்லாந்திலிருந்து கிளம்பிய 'தலூன்' கப்பல் 1918 நவம்பர் 7இல் அப்பியா துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் நோயாளிகள் இருந்தும் பயணிகள் தடையின்றி இறக்கப்பட்டனர். ஏறத்தாழ 38,000 பேரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் சில வாரங்களில் இறந்தனர். பாயில் சுற்றிய உடல்களை வீடுவீடாக லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் வைமேயாவில் ஒரே குழியில் இட்டார்கள். சடங்கும் உறவுமுறையும் இறுகப் பின்னிய ஒரு சமூகத்தில் இது சாவுக்குமேல் ஒரு சாவு. நோயில் தப்பியவர்களுக்கோ சமைத்துப்போட ஆளில்லை. கிழங்குத் தோட்டங்களும் கவனிப்பாரற்றுக் கிடந்தன.

மாத்தாய் எனப்படும் குடும்பத் தலைவர்கள் பெருமளவில் மறைந்ததன் விளைவு இன்னும் ஆழமானது. எந்த நிலம் எந்தக் குடும்பத்துக்கு, எந்தப் பட்டம் யாருக்கு என்பதெல்லாம் பெரும்பாலும் அவர்கள் நினைவில் இருந்தவை. ஒரு நாட்டின் பதிவு அலுவலகம் தீப்பற்றி எரிந்ததற்கு நிகரான இழப்பு அது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். நூறு கிலோமீட்டருக்கும் குறைவான கடலுக்கு அப்பால், அதே மொழியும் அதே உறவுகளும் கொண்ட அமெரிக்கச் சமோவா இருந்தது. அதன் கடற்படை ஆளுநர் ஜான் பாயர் செய்தி கிடைத்ததும் துறைமுகத்தை மூடினார். ஊர்மக்களே கரைகளில் காவல் நின்றனர். அங்கே ஒருவர்கூட இந்நோயால் இறக்கவில்லை. பாயர் உதவ முன்வந்தும் மேற்கை ஆண்ட கர்னல் ராபர்ட் லோகன் அதை ஏற்கவில்லை. 1919இல் விசாரணைக் குழு நிர்வாகத்தின் அலட்சியத்தைப் பதிவுசெய்தது. அதற்கு முன்பே, அவ்வாண்டு ஜனவரியில், தங்களை அமெரிக்க ஆட்சியில் சேர்க்குமாறு தலைவர்கள் மனு எழுதிவிட்டார்கள். பின்னர் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் அப்படியொரு மனு எழுத முடிந்ததே கவனிக்கத்தக்கது. இந்தியக் குடியானவனுக்கு அப்படிச் சுட்டிக்காட்ட அக்கரை ஏதும் இல்லை.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு உண்டு. நோயே நுழையாத அமெரிக்கச் சமோவாவிலும் 1920இல் 'மாவ்' என்ற எதிர்ப்பியக்கம் கிளம்பியது. மேற்கிலோ ஜெர்மானியர் காலத்திலேயே அப்பெயரில் ஓர் எதிர்ப்பு இருந்தது. 1920களின் மேற்குச் சமோவா மாவ் இயக்கத்துக்கு, பட்டங்களைப் பறித்துத் தலைவர்களை நாடுகடத்திய ஜார்ஜ் ரிச்சர்ட்சனின் நிர்வாகமும் ஓலாஃப் நெல்சன் போன்ற வணிகர்களின் நலன்களும் காரணங்கள்தான். (அந்த நெல்சனும் தாய் உட்பட நெருங்கிய உறவினர் பலரை இந்நோயில் இழந்தவர்.) ஆகவே எதிர்ப்பை நோய் பிறப்பித்தது என்று சொல்வது மிகை. அது எதை மாற்றியது என்றால், எதிர்ப்பின் கோரிக்கையை. கிழக்கில் மாவ் இயக்கம் கடற்படை ஆட்சியின் முறைகேட்டைக் கண்டித்துக் குடியியல் நிர்வாகம் கேட்டது. அத்தீவுகள் இன்றும் அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியே. மேற்கில் நல்ல நிர்வாகி வேண்டும் என்ற கோரிக்கைக்கே பொருளில்லாமல் போயிற்று. ஆளத் தகுதியற்றோர் என்ற தீர்ப்பை 1918ஆம் ஆண்டே எழுதிவிட்டதால், 'சமோவா சமோவியருக்கே' என்ற முழக்கத்துக்குக் குறைந்த எதுவும் அங்கே எடுபடவில்லை. 1929 டிசம்பர் 28இல் அப்பியாவில் மாவ் ஊர்வலத்தின்மீது காவலர் சுட்டதில் இயக்கத் தலைவர் துப்புவா தமசேசே லியாலோஃபி வீழ்ந்தார். 1962இல் நாடு விடுதலை பெற்றது.

2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் அப்பியாவில் மன்னிப்புக் கேட்டபோது துப்பாக்கிச் சூடு, தலைவர்களை நாடுகடத்தியது ஆகியவற்றோடு தலூன் கப்பலை உள்ளே விட்டதையும் குறிப்பிட்டார். கிருமியால் நேர்ந்த சாவைத் துப்பாக்கிக் குண்டால் நேர்ந்த சாவோடு ஒரே பட்டியலில் வைத்து அரசு பொறுப்பேற்பது அரிது. சமோவியர் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக வைத்திருந்த வரிசை அதுதான்.