நிக்கோபாரில் ஒரு தமிழ் உபதேசியார்

வண்டூர்க் கரையிலிருந்து தெற்கே நெடுந்தூரம் கடல் கடந்தால் கார் நிக்கோபார் தீவு. அங்கு வேதாகமம் வேரூன்றிய வரலாற்றில் தமிழருக்குப் பங்குண்டு என்பதை நம்மவருள்ளே பலர் அறியார்.

1768ஆம் ஆண்டில் மொராவியச் சபையார் தரங்கம்பாடியிலிருந்து நிக்கோபாரின் நங்கௌரிக்குச் சென்றனர். 1787இல் பணியைக் கைவிட்டனர். காய்ச்சல் பலரை மாய்த்தது. தீவினர் மொழியும் அவர்களுக்குச் சரிவரக் கைவரவில்லை. விளங்காத நூலைக் குறித்து எவர்தாம் வினா எழுப்புவார்? இத்தனைக்கும், அதே தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ் கற்று மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டிலேயே அச்சாகி முடிந்திருந்தது.

1890களில் கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊருக்கு வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் சென்றார். அவர் முதலில் நாடியது பிரசங்க மேடையையன்று, பள்ளிக்கூடத்தையே என்று கருத இடமுண்டு. சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தார். கேட்டுத் தலையசைப்பவன் வேறு. தானே படித்து, 'இதன் பொருள் யாது?' என வினவுபவன் வேறு. நம் சபைகளில் இவ்வினாவை இடக்கு என்று அடக்குவோரும் உளர்.

அம்மாணவருள் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் பயின்று ஊர் திரும்பி ஆசிரியரானார். புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியில் பெயர்த்தார். ஜப்பானியர் ஆக்கிரமிப்பில் (1942–45) பெருந்துன்பம் உற்றும் தளரவில்லை. 1952இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினர், 1966இல் அந்தமான் நிக்கோபார் மறைமாவட்டத்தின் முதற் பேராயர், 1978இல் மறைந்தார். தீவினர் இன்று ரோமன் எழுத்தில், தம் சொந்த மொழியிலேயே வேதாகமம் படிக்கின்றனர்.